ஊழியர் பட்டியலில் இல்லாத கேப்டன்

கேப்டனுக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கியபோதுகூட டீச்சருக்கு அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. கடலில் பிழைக்கிறவனுக்குக் கையில் அடிபடுவது நடக்கிற காரியம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கோபம் வந்தது நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரி ரசீதுகளை மடியில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணியபோது. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

கேப்டன் அவள் புருஷன். அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து உல்லாசப் படகு நடத்துகிறார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், கம்பெனி விருந்து என்று காசுள்ளவர்கள் நாள் வாடகைக்கு எடுத்துப் போகிற வெள்ளைப் படகுகள் இரண்டு. பெரியவர் என்று எல்லோரும் சொல்கிற அந்த அண்ணன், படகுத்துறைக்கு எதிர் மாடியில் ஏசி போட்ட ஆபீஸில் உட்கார்ந்து புக்கிங் எடுப்பார். தம்பி கீழே வெயிலில் நின்று மற்ற எல்லாவற்றையும் பார்ப்பான். படகை ஓட்டுவான், என்ஜினைத் துடைப்பான், குடித்துவிட்டு வாந்தி எடுக்கிற விருந்தாளிக்கு முதுகைத் தடவிக் கொடுப்பான். டீச்சர் இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். புருஷனே, “டீச்சர், ஒரு டம்ளர் தண்ணி” என்றுதான் கேட்பான்.

விரல் போன கதை சின்னதுதான். விருந்தாளிகள் நடுக்கடலில் குளிக்க வேண்டும் என்றார்கள். நங்கூரத்தை இறக்கினான். திரும்ப ஏற்றும்போது சங்கிலியைச் சுற்றுகிற மோட்டார் பாதியில் மக்கர் பண்ணியது. அந்த மோட்டாரை மாற்ற வேண்டும் என்று அண்ணனிடம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கையால் இழுத்தான், சங்கிலி துள்ளி வந்து நடுவிரலையும் மோதிர விரலையும் கவ்விக்கொண்டது. அந்தக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படகைக் கரை சேர்த்தான். அதோடு விட்டானா? விருந்தாளிகள் ஒவ்வொருவராக இறங்க இடது கையைக் கொடுத்து, “பாத்து, பாத்து, மறுபடி வாங்க” என்று சிரித்தும் தொலைத்தான். கடைசி ஆள் இறங்கியதும் மயங்கி விழுந்தான். மோதிர விரல் முழுசாகப் போய்விட்டது, நடுவிரலில் பாதிதான் மிஞ்சியது.

அந்தப் போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

“மேடம், ஊழியர் பட்டியல்ல டெக் ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க, சமையல்காரர் இருக்கார். உங்க வீட்டுக்காரர் பேர் அதுல இல்லையே.”

“அவர்தாங்க படகை ஓட்டறவரு.”

“ஓட்டறவர்ங்கற இடத்துல ‘உரிமையாளரே’ன்னு போட்டிருக்கு மேடம். அவர் பங்குதாரர். உரிமையாளருக்கு விபத்துப் பிரிவுன்னு தனியா ஒரு பக்கம் உண்டு. அதை நீங்க ஆறு வருஷமா எடுக்கவே இல்ல.”

“அப்ப சமையல்காரருக்குக் கை வெந்தா கிடைக்கும்?”

“கிடைக்கும் மேடம்.”

“கேப்டனுக்கு விரல் போனா கிடைக்காது?”

அந்தப் பெண் பாவம், “ஸாரி மேடம்” என்றாள். டீச்சர் நன்றி சொல்லி வைத்தாள். டீச்சருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் இது தெரியும். அவள் கத்தினால் சிரிப்பார்கள், அவள் மெதுவாகப் பேசினால் பெஞ்சுக்கு அடியில் ஒளியப் பார்ப்பார்கள். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அவள் பேசியது புருஷனுக்கே காதில் விழவில்லை.

அவனிடம் என்ன பேசி என்ன? பங்குதாரர் என்ற அந்த வார்த்தை என்றால் அவனுக்கு உயிர். சரக்குக் கப்பலில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவன். ஆறு வருஷம் முன்னால் அண்ணன் கூப்பிட்டார், “வாடா, ஆளுக்குப் பாதி, சேர்ந்து நடத்தலாம்” என்று. கப்பலில் சேர்த்த மொத்தத்தையும் இரண்டாவது படகில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். பாதி எங்கே? மாசம் பிறந்தால் ஒரு கவர் வரும். அதற்குப் பெயர் சம்பளம் இல்லையாம், ‘வீட்டுச் செலவுக்கு’. ஆனால் இன்சூரன்ஸ் பாரத்தில் மட்டும் ‘பங்குதாரர்கள் இருவர்’ என்று அச்சடித்து வரும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து மாமனார் வரைக்கும் அனுப்பியவன் அவன். லாபம் வரும்போது தொழிலாளி, அடிபடும்போது முதலாளி. இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை.

பழைய பாலிசி முடிகிற நாளும் வந்தது. பகல் பன்னிரண்டோடு காலாவதி. புதுத் தாள் இல்லாமல் துறையை விட்டு ஒரு படகும் கிளம்பக்கூடாது, பன்னிரண்டரைக்கோ ஒரு பிறந்தநாள் கூட்டம் வருகிறது. டீச்சர் பள்ளிக்கு அரை நாள் லீவு சொன்னாள். கட்டுப் போட்ட கையோடு படகு கழுவிக்கொண்டிருந்த புருஷனை, “மேல வாங்க” என்று தள்ளிக்கொண்டு மாடி ஏறினாள். கையில் தையல் பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று ட்ரிப் ஓட்டியாகிவிட்டது.

ஆபீஸில் ஏஜென்ட் வந்து உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, பழைய தோல் பை, எதையும் இரண்டு தடவை சொல்கிற பழக்கம். மேசையில் மூன்று திட்டங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

“வாம்மா டீச்சர், வா. நல்ல சமயத்துல வந்த. படிச்சவ நீ, கேளு. இதுல எதை எடுக்கலாம்னு ஒரு யோசனை சொல்லு.”

“நீங்க படிங்க மாமா, கேக்கறேன்.”

அவர் நடுத் திட்டத்தை எடுத்து விரல் வைத்து வாசித்தார். படகு உடம்புக்கு உண்டு. என்ஜினுக்கு உண்டு. கரைக்குப் போய் வருகிற குட்டி ரப்பர் படகுக்கு உண்டு. மேல்தளத்து சோபாவுக்கு உண்டு, ஐஸ் மெஷினுக்கு உண்டு, கண்ணாடிக் கோப்பைகளுக்கு எண்ணிக்கை எழுதிக் கொடுத்தால் அதற்கும் உண்டு. விருந்தாளி வழுக்கி விழுந்தால் உண்டு. டீசல் கொட்டித் தண்ணீர் கெட்டுப்போனால் அபராதத்துக்கு உண்டு.

“இதைப் பாரும்மா, விருந்தாளியோட போன் கடல்ல விழுந்தாக்கூடக் குடுக்கறான்!” என்று பெரியவர் தொடையைத் தட்டினார். “எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்கான் பாரேன்.”

“ரொம்ப நல்லா இருக்கு மாமா. இவர் எந்தப் பக்கத்துல வர்றார்?”

“யாரு?”

“உங்க தம்பி.”

“அவன் என்கூடத்தாம்மா. முதல் பக்கத்துல. பங்குதாரர்.” பெரியவர் தம்பியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்து டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப உரிமையாளர் விபத்துப் பிரிவையும் சேர்த்துடுங்க.”

“அது எதுக்கும்மா? ஏஜென்ட் சார் வருஷா வருஷம் சொல்றார், நானும் வருஷா வருஷம் வேணாம்கறேன். அது எத்தனை பங்குதாரரோ அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் எடுக்கணுமாம். நான் பாட்டுக்கு இங்க உக்காந்திருக்கேன். எனக்கு என்ன விபத்து வரப்போகுது? சுழல் நாற்காலிலேர்ந்து விழுந்துடுவேனா?”

“நீங்க விழ மாட்டீங்க மாமா. நீங்க ஏன் விழறீங்க?” என்றாள் டீச்சர். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. “விழறதுக்கு ஒரு ஆள் கீழ இருக்காரே.”

“டீச்சர், விடு” என்றான் கேப்டன்.

“விட்டுத்தான் ஒண்ணரை விரல் போயிருக்கு. இன்னும் எட்டரை இருக்கு, அதையும் விட்டுடலாமா?” பெரியவர் பக்கம் திரும்பினாள். “சரி, அந்தப் பக்கம் செலவு ஜாஸ்தின்னா வேணாம். ஊழியர் பட்டியல்ல நாலாவது பேரா இவர் பேரை எழுதுங்க. சமையல்காரருக்குப் பக்கத்துல.”

அங்கேதான் ஆரம்பித்தது. பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷனே எழுந்து நின்றுவிட்டான்.

“என்ன பேசற நீ? நான் ஊழியரா? அண்ணன் என்னைப் பங்காளியா மதிச்சு முதல் பக்கத்துல எழுதியிருக்கார். அதை அடிச்சுட்டு வேலைக்காரன்னு எழுதச் சொல்ற. ஊர்ல எவன் பொண்டாட்டியாவது இப்படிக் கேப்பாளா?”

“அந்த மதிப்பை ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல நீட்டிப் பாத்தீங்களா? என் வளையலைத்தானே நீட்டினீங்க?”

கேப்டன் முகம் சுண்டிவிட்டது. இவனை என்ன செய்வது? அடித்தவனை விட்டுவிட்டு மருந்து போட வந்தவளோடு மல்லுக்கு நிற்கிறானே! இந்த மனுஷன் மட்டும் கொஞ்சம் முதுகை நிமிர்த்தியிருந்தால் இவள் இங்கே லீவு போட்டுவிட்டு வந்து கெட்ட பெயர் வாங்க வேண்டியிருக்காது.

பெரியவர் பெரிய மனது பண்ணிச் சமாதானத்துக்கு வந்தார். “பாத்தியாம்மா, அவனுக்கே பிடிக்கல. உன் ஆதங்கம் எனக்குப் புரியுது. நானும் அன்னிக்கு ஆஸ்பத்திரில அழுதேனா இல்லையா? ஆனா வீட்டு விஷயம் வேற, தொழில் வேற. போன வருஷம் மாதிரியே போட்டுடலாம். சார், எழுதுங்க.”

ஏஜென்ட் பேனாவைத் திறந்தார், பிறகு மூடினார். “எழுதிடலாம் சார், எழுதிடலாம். ஒரே ஒரு பேப்பர் மட்டும் வேணும். இந்த வருஷத்திலேர்ந்து கம்பெனி கேக்குது. படகுப் பதிவுப் பத்திரமும் கூட்டுத் தொழில் பத்திரமும் ஒரு நகல். பங்குதாரர்னு யார் பேரெல்லாம் போடறோமோ அவங்க பேர் அதுல இருக்கணும்.”

“அதெல்லாம் அப்புறம் தர்றேன்” என்றார் பெரியவர்.

“இப்பவே வேணும் சார். பன்னிரண்டு மணிக்குள்ள அனுப்பணும்.”

“லாக்கர்ல இருக்கு.”

“எந்த லாக்கர்ல மாமா? நான் போய் எடுத்துட்டு வர்றேன்” என்றாள் டீச்சர்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவர் நெற்றி வேர்த்தது. டீச்சருக்கு அப்போதே புரிந்துவிட்டது. பாதிப் பங்குப் பணம் தருவதுதான் தாமதமாகிறது என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பத்திரத்திலேயே அவன் பேர் இல்லை என்று நினைக்கவில்லை.

“சொல்லுங்கண்ணா, எங்க இருக்கு?” என்றான் கேப்டன். அவனுக்கு இன்னும் ஒன்றும் தட்டவில்லை. “மூணு வருஷத்துக்கு முன்னாடி முத்திரைத்தாள்ல என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களே, அதானே?”

“அது இல்லடா. அது துறையில படகு நிறுத்தற லைசென்ஸுக்கு.”

“அப்ப பத்திரம்?”

“பத்திரம் என் பேர்லதான்டா இருக்கு. ரெண்டு படகும். மாத்தணும் மாத்தணும்னு நினைச்சுட்டே இருந்தேன், செலவு வந்துடுச்சு, அப்புறம் சீசன் வந்துடுச்சு. உனக்கும் எனக்கும் நடுவுல பத்திரம் எதுக்குடா? இந்தப் பாரத்துல பங்குதாரர்னு போட்டதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. உனக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு.”

சும்மா ஒரு மரியாதைக்காம்! கப்பல் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவனுக்கு, ஆறு வருஷம் வெயிலில் வெந்தவனுக்கு, வருஷத்துக்கு ஒரு வார்த்தை. ஊழியர் பட்டியலில் இல்லை, உரிமையாளர் பத்திரத்திலும் இல்லை. அந்த ஐஸ் மெஷினுக்காவது ஒரு வரி இருந்தது.

கேப்டன் உட்கார்ந்துவிட்டான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேசை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏஜென்ட்தான் பேசினார். மனுஷனுக்குப் பூசி மெழுகத் தெரியாது. “சார், இது பெரிய தப்பு சார். பெரிய தப்பு. உரிமையாளர் யாருன்னு பொய்த் தகவல் குடுத்ததா ஆயிடும். நாளைக்குப் படகு தீப்பிடிச்சாலும் சரி, மூழ்கினாலும் சரி, இதைக் காட்டியே கையை விரிச்சுடுவாங்க. ரெண்டு படகுக்கும் ஒரு பைசா வராது.”

“என்னது?” பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஒரு பைசாவா? அப்ப ஆறு வருஷமா நான் கட்டினது?”

“வீண்தான் சார்.”

தம்பிக்கு விரல் போனபோது வராத பதற்றம் இப்போது வந்தது. ஜன்னலுக்கு ஓடிப்போய் இரண்டு படகும் பத்திரமாக நிற்கின்றனவா என்று பார்த்தார். அவை அழகாகத்தான் ஆடிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்தபோது அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல டீச்சருக்குக் கை துறுதுறுத்தது.

“சார், உடனே திருத்திடுங்க” என்றார் பெரியவர். “எப்படித் திருத்தணுமோ அப்படி.”

“ரெண்டு வழி சார். தம்பி பேரைப் பத்திரத்துல நிஜமாவே சேர்த்துட்டு, உரிமையாளர் விபத்துப் பிரிவையும் எடுக்கலாம். பதிவாபீஸ்ல ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் படகு நிக்கணும். இல்லைன்னா அவரைச் சம்பள ஊழியர்னு எழுதிடலாம். அது இப்பவே ஆயிடும்.”

“அப்ப ஊழியர்னு போட்டுடுங்க. பன்னிரண்டரைக்கு ஆள் வர்றாங்க. ஒரு வார்த்தைதானே.”

டீச்சர் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். அவள் பேசியதைக் கேட்க ஏஜென்ட் முன்னால் சாய வேண்டியிருந்தது.

“ஒரு வார்த்தைதானா மாமா? பத்து நிமிஷம் முன்னாடி நான் அதே வார்த்தையை எழுதச் சொன்னேன். அப்ப உங்க தம்பிக்குப் பிடிக்கலன்னீங்க. இப்ப உங்க படகுக்கு ஆபத்துன்ன உடனே அவருக்குப் பிடிச்சுடுச்சா? ரெண்டாவது படகு அவர் போட்ட காசு. ஒரு வாரம் படகு நின்னா நிக்கட்டும். பத்திரத்துல பேரை எழுதுங்க. எழுதிட்டு அப்புறம் கிளம்பட்டும்.”

“ஒரு வாரம் நிறுத்தினா சீசனே போயிடும்மா! நீ கணக்கு டீச்சர், உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் கேக்கறேன்.”

“நீ நடுவுல வராதம்மா. இது எங்க அண்ணன் தம்பி விஷயம்.” பெரியவர் தம்பி பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தார். குரல் குழைந்தது. “டேய், சீசன் முடிஞ்ச உடனே மாத்திடறேன், சத்தியமா. இப்போதைக்கு ஊழியர்னு இருக்கட்டும். பேப்பர்ல என்ன இருந்தா என்னடா? நீ சொல்லு, உனக்குச் சரிதானே?”

கேப்டன் என்ன சொல்லுவான் என்று டீச்சருக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கேட்டு அலுத்த பதில். ‘சரிண்ணா’ என்பான், மென்று முழுங்கிவிட்டு எழுந்து போவான், ராத்திரி இவளிடம் எரிந்து விழுவான்.

கேப்டன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

“எழுதுங்க சார்” என்றான்.

ஏஜென்ட், தன்னைச் சொல்கிறான் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தார். ஆனால் அவன் கண் அண்ணனை விட்டு அசையவில்லை. பெரியவரின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

“என்னடா சொன்ன?”

“ஊழியர்னு எழுதுங்க சார்னு சொன்னேன். பதவி கேப்டன். அடிபட்ட தேதியையும் எங்கயாவது குறிச்சுக்குங்க. டாக்டர் ஆறு வாரம் வேலை செய்யக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார். நான் சொந்தப் படகாச்சேன்னு காட்டல. இப்ப காட்டறேன் சார், எனக்கு லீவு வேணும்.”

“டேய்! பன்னிரண்டரைக்கு...”

“வேற ஆள் பாத்துக்குங்க சார்.”

“என்னை சார்ங்கறியேடா!” பெரியவர் நிஜமாகவே கலங்கிவிட்டார். அதில் நடிப்பில்லை என்று டீச்சருக்கே தெரிந்தது. “அப்பா போனப்புறம் உன்னை யாருடா பாத்துக்கிட்டா? பள்ளிக்கூடத்துக்கு யாரு கட்டினா? தோள்ல தூக்கி வளர்த்தேனேடா உன்னை!”

“ஆமா சார்” என்றான் கேப்டன்.

பாரத்தை இழுத்து இடது கையால் கையெழுத்துப் போட்டான். முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணிக்கொண்டு போனது. ஏஜென்ட் அதைப் பார்த்தார், போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

படியில் இறங்கும்போது டீச்சர் அவன் பின்னாலேயே வந்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த வசவு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ‘அன்னிக்கே சொன்னேனே, கேட்டீங்களா’ என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அவன் பேர் பட்டியலில் ஏறிவிட்டது. இனி இவனுக்கு ஒன்று ஆனால் அவள் வளையலைத் தேட வேண்டாம். ஆனால் அவன் முதுகைப் பார்த்தபோது ஒரு வார்த்தையும் எழும்பவில்லை. அண்ணனை நினைத்தாலோ திரும்பி மாடி ஏறிப் போய் அந்த மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது.

கீழே துறையில் பிறந்தநாள் கூட்டம் அரை மணி முன்னதாகவே வந்து நின்றது. பலூன்கள், கேக் பெட்டி, கறுப்புக் கண்ணாடி. அதில் ஒருவர் கேப்டனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கையை ஆட்டினார்.

“போன வருஷம் வந்தோமே, ஞாபகம் இருக்கா? உங்க படகுதானே இது? கிளம்பலாமா?”

கேப்டன் ஒரு நிமிஷம் படகைப் பார்த்தான். பிறகு கட்டுப் போட்ட கையால் மாடியைக் காட்டினான்.

“இல்லீங்க” என்றான். “முதலாளி மேல இருக்கார். அவரைப் போய்க் கேளுங்க.”

டீச்சருக்கு அங்கேயே, அத்தனை பேர் முன்னால், பொத்துக்கொண்டு அழுகை வந்தது. முழுக்க முழுக்கக் கோபத்தில் வந்த அழுகை.